எஃப்-4: 300 அடி ஆழத்திலிருந்து மீட்கப்பட்ட நீர்மூழ்கி

1915ஆம் ஆண்டு மார்ச் 25 காலையில், ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கடற்படையின் மூன்று நீர்மூழ்கிக் கப்பல்கள் பயிற்சிக்குப் புறப்பட்டன. எஃப்-1, எஃப்-3 ஆகிய இரண்டும் திரும்பி வந்தன. எஃப்-4 வரவில்லை. அதில் சென்ற 21 பேரும் உயிரிழந்தனர். அமெரிக்கக் கடற்படை தன் முதல் நீர்மூழ்கியான ஹாலண்டை 1900இல் சேர்த்துக்கொண்டது. அன்றுதொட்டு 15 ஆண்டுகளில் அது கடலுக்குப் பறிகொடுத்த முதல் நீர்மூழ்கி எஃப்-4தான்.

கப்பல் கிடந்த இடம் துறைமுகத்தின் வாயிலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவுதான். ஆனால் ஆழம் சுமார் 306 அடி. அந்த ஆழத்தில் எந்த முக்குளிப்பவரும் அதுவரை இறங்கி வேலை செய்ததில்லை. இருந்தும் ஐந்து மாதங்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 29 அன்று, எஃப்-4 நீர்மட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. எஃப் வகையில் மொத்தம் நான்கு கப்பல்கள். மற்ற மூன்றிலும் ஆட்கள் பணியில் இருந்தார்கள். ஒன்று ஏன் மூழ்கியது என்று தெரியாதவரை மற்றவற்றில் இறங்குவதும் ஆபத்துதான். பழைய இரும்பின் விலைக்காக மட்டும் அந்த உழைப்பு செலவிடப்படவில்லை. மீட்பு என்பது இங்கே விசாரணையின் முதல் படி.

கப்பலின் அமைப்பு

எஃப்-4 அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகரில் கட்டப்பட்டது. முதலில் இடப்பட்ட பெயர் ஸ்கேட். நீர்மூழ்கிகளுக்கு மீன் பெயர்கள் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, எழுத்தும் எண்ணும் சூட்டும் முறைக்குக் கடற்படை மாறியபோது, 1911 நவம்பரில் அது எஃப்-4 ஆயிற்று. 1912 ஜனவரியில் நீரில் இறக்கப்பட்டு, 1913 மே 3 அன்று படையில் சேர்ந்தது. நீளம் 142 அடி 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 43 மீட்டர். நீர்மேல் மிதக்கும்போது எடை 330 டன்; மூழ்கியிருக்கும்போது 400 டன். முகப்பில் நான்கு டார்பிடோ குழாய்கள் இருந்தன. 1914 ஆகஸ்டில் இந்த வகைக் கப்பல்கள் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன.

அக்கால நீர்மூழ்கி பெரும்பாலும் நீர்மேல் ஓடும் கப்பலே. மேலே இருக்கும்போது டீசல் எஞ்சின் அதைச் செலுத்தியது. எஞ்சினுக்குக் காற்று வேண்டும் என்பதால் நீருக்கடியில் மின்மோட்டார்தான் ஓட வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் தருவது பேட்டரி. மூழ்குவதற்குப் பாலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை விட்டு நிரப்புவார்கள். எழும்புவதற்கு அழுத்தக் காற்றைச் செலுத்தி அந்த நீரை வெளியே தள்ளுவார்கள். கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் ஏறக்குறைய சமமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால், நீருக்கடியில் கிடைமட்டச் சுக்கான்களை அசைத்தே மேலும் கீழும் போகலாம். இந்தச் சமநிலை மிக நுண்மையானது. வெளியிலிருந்து சில டன் நீர் உள்ளே புகுந்துவிட்டால் கப்பல் கனத்துவிடும். கனத்த கப்பல் ஆழத்துக்கு இறங்கும். இறங்க இறங்க வெளி அழுத்தம் கூடி, சிறு பிளவு வழியாகவும் நீர் வேகமாகப் பாயும்.

பேட்டரிகள் வைக்கப்பட்ட இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தளத்துக்குக் கீழே, கப்பலின் எஃகுத் தகடுகளை ஒட்டியே பேட்டரித் தொட்டிகள் அமைந்திருந்தன. கலங்களில் இருப்பது கந்தக அமிலம். கப்பல் ஆடும்போது அது சிந்தும். மின்னேற்றம் செய்யும்போது துளித்துளியாகத் தெறிக்கும். அமிலம் எஃகை அரிக்கும், ஈயத்தை எளிதில் அரிக்காது. ஆகவே தொட்டியின் உட்புறம் முழுவதும் ஈயத் தகடு பதிக்கப்பட்டது. அந்த ஈய உறையில் ஓரிடத்தில் கசிவு வந்தாலும் அமிலம் அதற்குப் பின்னால் இறங்கி, கண்ணில் படாமல் எஃகையும் அதைப் பிணைத்திருக்கும் ரிவெட்டுகளையும் தின்னத் தொடங்கும். பேட்டரியை முழுவதும் அகற்றாமல் அந்த இடத்தைச் சோதிக்க வழியில்லை. போதாக்குறைக்கு, கடல்நீர் பேட்டரி அமிலத்தில் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு உண்டாகும். நீர்மூழ்கி மாலுமிகள் அனைவரும் அஞ்சிய ஆபத்து அது.

மூழ்கிய நாள்

எஃப்-4இன் தலைவர் லெப்டினன்ட் ஆல்ஃபிரட் ஈட். மார்ச் 25 அன்று காலை துறைமுகத்துக்கு வெளியே கப்பல் மூழ்கி ஓடத் தொடங்கியது. குறித்த நேரத்தில் அது எழும்பாததால் தேடுதல் ஆரம்பமாயிற்று. கடற்பரப்பில் ஓரிடத்தில் எண்ணெய்ப் படலமும் காற்றுக் குமிழிகளும் தெரிந்தன. கப்பல் அதற்கு நேர்கீழே இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கலாம் என்ற நம்பிக்கையில் இழுவைப் படகுகள் விரைந்தன. கொக்கிகளையும் வடங்களையும் அடியில் தடவிக் கப்பலைப் பற்றி, ஆழம் குறைந்த இடத்துக்கு இழுத்துவிட முடியுமா என்று பார்த்தார்கள். நீர் நிரம்பிய கப்பல் அசையவில்லை. எஃப் வகைக் கப்பல்கள் தாங்கக்கூடியதாகக் கணக்கிடப்பட்ட ஆழம் 200 அடி. எஃப்-4 கிடந்ததோ அதில் ஒன்றரை மடங்கு ஆழத்தில். மிக விரைவிலேயே, காப்பாற்றும் முயற்சி உடல்களையும் கப்பலையும் மீட்கும் முயற்சியாக மாறிவிட்டது.

முன் நிகழ்ந்த மீட்புகள்

மூழ்கிய நீர்மூழ்கியை எடுப்பது அதற்கு முன்பும் நடந்ததுதான். பிரிட்டனின் ஏ-1 என்ற நீர்மூழ்கி 1904 மார்ச்சில் ஒரு பயணிக் கப்பல் மோதி மூழ்கியது. 11 பேர் இறந்தனர். அடுத்த மாதமே அதை வெளியே எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் 6ஆம் எண் நீர்மூழ்கி 1910 ஏப்ரலில் பயிற்சியின்போது மூழ்கி 14 பேர் இறந்தனர். அதுவும் விரைவில் மீட்கப்பட்டது. அதன் தலைவர் லெப்டினன்ட் சகுமா, மூச்சுத் திணறும் நிலையிலும் விபத்தின் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். இவையெல்லாம் ஆழம் குறைந்த நீரில் நிகழ்ந்தவை. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பழகிய எல்லைக்குள் இருந்தவை. எஃப்-4 கிடந்த ஆழம் அந்த எல்லைக்கு மிகவும் அப்பாற்பட்டது. அதில் எழுதி வைத்துப் போனவரும் யாரும் இல்லை. கப்பலின் உடலே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஆழத்தில் மனித உடல்

கடலில் 33 அடி இறங்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 300 அடியில் உடல் மீதுள்ள மொத்த அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. முக்குளிப்பவர் மூச்சுவிட வேண்டுமானால், மேலிருந்து குழாய் வழியே அனுப்பும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் பெருமளவு கரைகிறது. மூடியைத் திறந்ததும் சோடா புட்டியில் நுரை பொங்குவதுபோல, முக்குளிப்பவர் வேகமாக மேலே வந்தால் அந்த நைட்ரஜன் உடலுக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலி, பக்கவாதம், மரணம் என்று எதுவும் நேரலாம். கரைந்த நைட்ரஜனின் இன்னொரு விளைவு மயக்கம். ஆழத்தில் சிந்தனை மந்தமாகி, எளிய முடிச்சைப் போடுவதற்குக்கூட மனம் குவியாது.

இதற்கு வழி கண்டவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன். முக்குளிப்பவர் படிப்படியாக, குறித்த ஆழங்களில் குறித்த நேரம் நின்று நின்று மேலே வந்தால், கரைந்த வாயு மூச்சின் வழியே வெளியேறிவிடும் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1908இல் அட்டவணைகளோடு வெளியிட்டனர். அமெரிக்கக் கடற்படையில் அப்போது முக்குளிப்பவர்கள் 60 அடிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஜார்ஜ் ஸ்டில்சன் என்ற பீரங்கிப் பிரிவு அதிகாரி அந்த நிலையை மாற்ற முனைந்தார். 1912 முதல் அவர் ஹால்டேனின் அட்டவணைகளைச் சோதித்துப் பார்த்தார். 1914 இறுதியில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் சவுண்ட் என்னும் கடற்பகுதியில், அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டீஃபன் டிரெலிஷாக் 274 அடிவரை இறங்கித் திரும்பினார்.

சில மாதங்களில் எஃப்-4 மூழ்கியது. ஸ்டில்சன், ஃப்ராங்க் கிரில்லி, வில்லியம் லாஃப்மன், டிரெலிஷாக், ஃப்ரெடரிக் நீல்சன், மருத்துவர் ஜார்ஜ் ஃப்ரெஞ்ச் ஆகியோரைக் கொண்ட குழு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு வந்து, மேரிலாண்ட் போர்க்கப்பலில் ஹொனலுலு சென்றது. மீண்டும் அழுத்தம் கொடுத்துச் சிகிச்சை செய்வதற்கான எஃகு அறை ஒன்றையும் உடன் கொண்டுபோனார்கள்.

பத்து நிமிட வேலை

ஏப்ரல் நடுவில் முக்குளிப்பு தொடங்கியது. கிரில்லி கப்பலை அடைந்தார். அங்கே அவர் எட்டிய 304 அடி ஆழம் அன்றைய உலகச் சாதனை. செம்புத் தலைக்கவசம், நீர் புகாத உடை, ஈயம் வைத்த காலணி ஆகியவற்றோடு இறங்கும் ஒருவருக்கு அடியில் கிடைத்த வேலைநேரம் சுமார் பத்து நிமிடம். அதற்கு மேல் தங்கினால் மேலே வருவதற்கான நேரம் தாங்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அந்தப் பத்து நிமிடத்திலும் நைட்ரஜன் மயக்கத்தோடு போராட வேண்டும். வடம் எங்கே பற்றியிருக்கிறது, கப்பல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, அடுத்த வடத்தை எங்கே செலுத்தலாம் என்று பார்த்துவந்து சொல்வதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

ஏப்ரல் 17 அன்று லாஃப்மன் வேலை முடித்து மேலே வந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 250 அடி ஆழத்தில் அவருடைய உயிர்க்கயிறும் காற்றுக்குழாயும் மீட்பு வடம் ஒன்றில் சிக்கிக்கொண்டன. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. மேலிருந்து இழுத்தால் குழாய் அறுந்துவிடும். கிரில்லி தாமாக முன்வந்து இறங்கினார். இருட்டும் அழுத்தமும் சூழ்ந்த அந்த ஆழத்தில் கயிறுகளின் பின்னலை ஒவ்வொன்றாகப் பிரித்து லாஃப்மனை விடுவித்தார். அவர் நீருக்குள் இருந்த நேரம் 2 மணி 11 நிமிடம். லாஃப்மன் உயிரோடு மேலே கொண்டுவரப்பட்டு, அழுத்த அறையில் சிகிச்சை பெற்றுத் தேறினார். இந்தச் செயலுக்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீரர் விருதான மெடல் ஆஃப் ஹானர் கிரில்லிக்கு வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் அதை 1929இல்தான் அவருக்கு அணிவித்தார்.

தூக்கியும் இழுத்தும்

மீட்புப் பணியை வடிவமைத்தவர் கடற்படைக் கட்டுமானப் பொறியாளர் ஜூலியஸ் ஃபியூரர். ஹவாய்க் கடற்படை நிலையத்தின் தலைவர் ரியர் அட்மிரல் சி. பி. டி. மூர் மேற்பார்வையில் அவர் பணியாற்றினார். ஓத ஏற்றம் பெரிதாக உள்ள கரைகளில், வற்றத்தின்போது வடத்தை இறுக்கிக் கட்டிவிட்டால் நீர் ஏறும்போது படகும் ஏறிக் கப்பலைத் தானே தூக்கிவிடும். ஹவாயில் ஓத வேறுபாடு ஓரிரு அடிதான்; அந்த வழி பயன்படாது. ஆகவே ஃபியூரர் சேறு அள்ளும் தட்டைப் படகுகளைக் கொண்டுவந்து அவற்றின் மேல் வடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய விஞ்சுகளைப் பொருத்தினார். கப்பலின் அடியில் வடங்களைச் செலுத்தி, இருபுறமும் விஞ்சுகளால் சுற்றித் தூக்குவதே திட்டம்.

வடத்தைக் கப்பலுக்கு அடியில் நுழைப்பது மேலிருந்தே நடந்தது. இரண்டு படகுகள் ஒரே வடத்தின் இரு முனைகளையும் பிடித்து, அதன் நடுப்பகுதியைத் தரையோடு இழுத்து, கப்பலின் முனைக்கு அடியில் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து உள்ளே செலுத்தின. அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் வடம் கப்பலின் உடலில் தேய்ந்தது. கம்பிவடங்கள் இழை இழையாகப் பிரிந்து அறுந்தன. கப்பலைத் தொடும் பகுதிக்கு மட்டும் கனமான சங்கிலியைப் பயன்படுத்திய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

கப்பலைத் தரையிலிருந்து சிறிது உயர்த்துவார்கள். அந்த நிலையிலேயே இழுவைப் படகுகள் கரைநோக்கி இழுக்கும். அடிப்பகுதி மீண்டும் தரைதட்டியதும் நிறுத்தி, வடங்களைக் குறுக்கி, திரும்பவும் உயர்த்துவார்கள். இப்படிப் படிப்படியாக முன்னேறி, மே மாத இறுதியில் கப்பல் துறைமுக வாயிலில் 50 அடிக்கும் குறைந்த ஆழத்துக்கு வந்துவிட்டது. வேலை முடியப்போகிறது என்ற நிலையில் பெரும் அலை எழுந்தது. மேலே படகுகள் குதித்தாட, கீழே தொங்கிய கப்பலின் உடலை வடங்கள் வெட்டி நசுக்கின. அந்த நிலையில் மேலும் தூக்கினால் கப்பல் இரண்டாக முறிந்துவிடும். தூக்குவதை நிறுத்திவிட்டு வேறு வழி காண வேண்டியதாயிற்று.

மிதவை உருளைகள்

ஃபியூரர் கண்ட வழி மூழ்கக்கூடிய மிதவைகள். கலிஃபோர்னியாவின் மேர் ஐலண்ட் கப்பல் தளத்தில் ஆறு பெரிய உருளைகள் செய்யப்பட்டு மேரிலாண்ட் கப்பலில் கொண்டுவரப்பட்டன. உருளைக்குள் நீரை விட்டு மூழ்கச் செய்து, கப்பலின் இருபுறமும் இணையிணையாக நிறுத்தினார்கள். கப்பலின் அடியில் சென்ற சங்கிலிகள் எதிரெதிர் உருளைகளோடு பிணைக்கப்பட்டன. பிறகு அழுத்தக் காற்றைச் செலுத்தி உருளைகளிலிருந்த நீரை வெளியேற்ற, அவை எழும்பும்போது கப்பலையும் தாங்கி எழுப்பும்.

இதன் சிறப்பு எளிதில் புரியும். மேலே மிதக்கும் படகு ஒவ்வொரு அலைக்கும் துள்ளும். அந்தத் துள்ளல் முழுவதும் வடத்தின் வழியே கப்பலில் இறங்கும். நீருக்குள் கிடக்கும் உருளையை அலை அவ்வளவாக அசைப்பதில்லை. பளு பல இடங்களில் சமமாகப் பகிரப்படுவதால் ஓரிடத்தில் வெட்டு விழுவதும் குறைகிறது. ஆகஸ்ட் 29 அன்று உருளைகளின் தாங்குதலில் எஃப்-4 மேலே வந்து, ஹொனலுலுவின் உலர்துறைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. உள்ளே கிடைத்த உடல்களில் நால்வரை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. எஞ்சிய 17 பேரும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டனர்.

காரணம்

உலர்துறையில் கப்பலின் உடலைத் தகடு தகடாகப் பார்த்த விசாரணைக் குழு பேட்டரித் தொட்டியை வந்தடைந்தது. ஈய உறை அரிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னே இறங்கிய அமிலம் எஃகின் ரிவெட்டுகளை அரித்துவிட்டிருந்தது. அந்த வழியே கடல்நீர் பேட்டரி அறைக்குள் கசிந்தது, கப்பல் கனத்தது, மூழ்கி ஓடிக்கொண்டிருந்த நிலையில் தலைவரின் கட்டுப்பாட்டை மீறி ஆழத்துக்கு இறங்கியது என்பது குழுவின் முடிவு. கப்பல் கடலடியிலேயே விடப்பட்டிருந்தால், மாலுமிகளின் தவறா, வால்வுக் கோளாறா, உள்வெடிப்பா என்ற ஊகங்களே மிஞ்சியிருக்கும். உள்ளே ஒளிந்திருந்த ஓர் அரிப்புதான் குற்றவாளி என்பதைக் கண்ணால் காணும்படி செய்தது அந்த மீட்பு. இறந்தவர்கள் மீது விழுந்திருக்கக்கூடிய பழியையும் அது நீக்கியது. எஃப் வகையின் மற்றக் கப்பல்கள் 1915 நவம்பரில் கலிஃபோர்னியா திரும்பின.

எஃப்-4 மீண்டும் பணிக்கு வரும் நிலையில் இல்லை. 1915 ஆகஸ்ட் 31 அன்று கடற்படைப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. எஞ்சிய கூடு பின்னர் பேர்ல் ஹார்பரில் கிடந்தது. 1940இல் அங்கே நீர்மூழ்கித் தளம் விரிவாக்கப்பட்டபோது, அதன் அருகே கடலடியில் தோண்டிய பள்ளத்தில் புதைக்கப்பட்டது.

விளைவுகள்

ஸ்டில்சனின் சோதனைகளும் எஃப்-4 பணியில் கிடைத்த அனுபவமும் சேர்ந்து இரண்டு நிலையான பலன்களைத் தந்தன. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் கடற்படைக்கென ஒரு முக்குளிப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. கடற்படையின் முதல் முக்குளிப்புக் கையேடு வெளிவந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் பிரான்ஸ் கடற்கரையில் கப்பல் மீட்புப் பணிகளுக்குச் சென்றனர்.

மிதவை உருளை முறையும் நிலைத்தது. 1925 செப்டம்பரில் பயணிக் கப்பல் மோதி 132 அடி ஆழத்தில் மூழ்கிய எஸ்-51, அடுத்த ஆண்டு ஜூலையில் உருளைகளால் தூக்கப்பட்டது. 1927 டிசம்பரில் 40 பேரோடு 102 அடியில் மூழ்கிய எஸ்-4உம் அவ்வாறே 1928 மார்ச்சில் மீட்கப்பட்டது. எஸ்-4இன் டார்பிடோ அறையில் ஆறு பேர் உயிரோடிருந்து, கப்பலின் உடலைத் தட்டி வெளியே இருந்தவர்களோடு பேசினார்கள். புயலில் அவர்களைக் காப்பாற்ற இயலவில்லை. கப்பலை மீட்கும் கலை வளர்ந்த அளவுக்கு ஆட்களை மீட்கும் கலை வளரவில்லை என்பதை அந்த இழப்பு காட்டிற்று. அதன் பிறகே கப்பலின் வாயிலோடு பொருந்தும் மீட்பு அறையை உருவாக்கும் பணி வேகம் பெற்றது.

சாதாரணக் காற்றைச் சுவாசித்து 300 அடியில் வேலை செய்வது மனித உடலின் எல்லை என்பதும் எஃப்-4 உணர்த்திய பாடம். மயக்கம் தரும் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியத்தை ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கும் ஆய்வுகள் பின்னர் தொடர்ந்தன. 1939 மே 23 அன்று ஸ்குவாலஸ் நீர்மூழ்கி 243 அடியில் மூழ்கியபோது இந்த இரண்டு வளர்ச்சிகளும் சோதனைக்கு வந்தன. 26 பேர் இறந்தனர். உயிரோடிருந்த 33 பேரையும் மீட்பு அறை மேலே கொண்டுவந்தது. ஹீலியம் கலவையைச் சுவாசித்த முக்குளிப்பவர்கள் தெளிந்த மனத்தோடு அடியில் வேலை செய்தார்கள். மிதவை உருளைகள் அந்தக் கப்பலை அதே ஆண்டு செப்டம்பரில் தூக்கின. பழுது நீக்கப்பட்டு, செய்ல்ஃபிஷ் என்ற புதுப்பெயரோடு அது மீண்டும் பணிக்குச் சென்றது.